இதர

பதிவு அலுவலகத்தில் கேட்டார்கள்:
மதுரையில் ஏதும்மா கடல்?
சிரித்து முடித்து, படிவத்தில்
‘இதர’ என்ற கட்டத்தில் டிக் அடித்து
முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

அப்படி இதர ஆனோம்.
ஏழு பேர், நாலு கயாக்,
ஒன்றுக்கு வால் பக்கம் எம்-சீல் ஒட்டு.
படகுகள் தூங்குவது மேலமடையில்
ஒரு கல்யாண மண்டபத்தின் பாத்திர அறையில்.
முகூர்த்த நாளென்றால்
அண்டாக்களுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும்,
அன்றைக்குத் துடுப்பு கிடையாது.
எங்களுக்கு மண்டபம் இரண்டு.
இதில் முகூர்த்தம் பார்ப்போம்,
கடலோரத்து மண்டபத்துக்கு ஓதம் பார்ப்போம்.

நான் மருந்துக்கடையில் நிற்பவள்.
கல்லாப்பெட்டிக் கண்ணாடிக்கு அடியில்
ஓத அட்டவணை வைத்திருக்கிறேன்.
சர்க்கரை மாத்திரையை எண்ணும்போது
நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி
தண்ணீர் கரையேறிக்கொண்டிருப்பது தெரியும்.
யாரிடமும் சொல்வதில்லை.
சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பேன்.

தை மாதம் அங்கே கவிழ்ந்தேன்.
வாடை பக்கவாட்டில் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.
கவிழ்ந்தால் மூன்று தட்டு தட்டணும் படகின் வயிற்றில்,
கைகளை வெளியே நீட்டிக் காத்திருக்கணும்,
பக்கத்துப் படகின் அணியம் கைக்கு வரும்.
பாடம் அது.
நான் தட்டவில்லை. உப்பைக் குடித்தேன்.
இடுப்பில் இறுக்கிய ரப்பர் பாவாடையைப்
பிய்த்தெறிந்து வெளியே வந்தேன்,
துடுப்பையும் விட்டுவிட்டு.
ஜெய்லானி ஒன்றும் சொல்லாமல்
துடுப்பைத் தேடிப் போனார்.
திரும்பும் வேனில் பரமக்குடி வரை
டிரைவர் மட்டும்தான் பேசினார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும்
வண்டியூர்க் கண்மாயில் தலைகீழாகிறேன்.
மார்பளவு ஆழம்.
கீழே பச்சையாய் ஓர் இருட்டு.
ஆகாயத்தாமரை வேர் கன்னத்தில் உரசும்,
யாரோ தலை துவட்டாமல் குனிந்த மாதிரி.
மூக்கு வழியே சேறு ருசிக்கும்.
ஷேர் ஆட்டோ ஹாரன் அங்கே வராது.

போன ஞாயிறு தட்டினேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
கை நீட்டினேன். அணியம் வரவில்லை.

மேலே நடந்தது பிறகு கேட்டறிந்தது:
கரையில் நடைப்பயிற்சிக்கு வந்த பூமிநாதன்,
மின்வாரியத்தில் கணக்கர்,
ஷூவோடு, பையில் செல்போனோடு,
என்னைக் காப்பாற்றக் குதித்துவிட்டார்.
நீச்சல் தெரியாதவர்.
அடித்த கை ஜெய்லானியின் படகைப் பிடித்து உலுக்க,
‘நில்லுங்க சார், எந்திரிச்சு நில்லுங்க’ என்று
துளசிராம் கத்தக் கத்த
அவர் முங்கினார், முளைத்தார்,
மறுபடி முங்கினார்.

கீழே நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு. யாரும் வரவில்லை.
எட்டில் தேடினேன் பாவாடையின் நாடாவை,
முன்னால் தள்ளி, பிறகு இழுத்து,
தலையை முழங்காலுக்குக் குனிந்து,
அவசரமில்லாமல் நழுவினேன்,
ஈரப் புளியிலிருந்து கொட்டை நழுவுகிற மாதிரி.
துடுப்பு கையிலேயே இருந்தது.

எழுந்து நின்றேன்.
என்னை ஒருவரும் பார்க்கவில்லை.
எல்லார் முதுகும் எனக்கு,
எல்லார் கையும் பூமிநாதனுக்கு.
அவரும் ஒருவழியாய் நின்றிருந்தார்,
மார்பளவுத் தண்ணீரில்,
தலையில் ஒரு ஊதாப் பூவோடு, வெட்கப்பட்டு.

மண்டபத்துச் சமையல்காரர் அரிசி கொடுத்தார்,
போனைப் புதைத்து வைத்தோம்.
ஒரு ஷூ கண்மாய்க்குப் போயிற்று.
டீ குடிக்கையில் கேட்டேன்,
ஏன் சார் குதிச்சீங்க, நீச்சலும் தெரியாம?

டம்ளரைப் பார்த்தபடி சொன்னார்:
‘கதவு தட்டுற சத்தம் மாதிரி இருந்துச்சும்மா.
வீட்ல யாரும் இல்லை போல,
நாம போய்த் திறப்போம்னு.’

இந்த ஞாயிறு மேலமடையில் மூன்று கல்யாணம்.
படகு எடுக்க முடியாது.
ஓதம் மாலை நாலு பன்னிரண்டுக்கு.
எனக்குக் கடையில் இரண்டாம் ஷிப்ட்.